வலது கண் அண்ணனுக்கு, இடது கண் தம்பிக்கு

டிரைவருக்கு ஒரு சாலை இரண்டு சாலையாகத் தெரிய ஆரம்பித்தபோது அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? மீசை முளைத்த காலத்திலிருந்து பேருந்து ஓட்டுகிற மனிதர். ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிட்டால் அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூட அவருக்குத் தெரியாது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு, தெரிகிற இரண்டு சாலைகளில் எது அசல் என்று குத்துமதிப்பாக ஒரு முடிவுக்கு வந்து, அதில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டால் சாலை ஒன்றாகிவிடும். இந்த ரகசியத்தை அவரே கண்டுபிடித்தார். ஆனால் ஒற்றைக் கண்ணை மூடியபடி பின்னால் பார்க்கிற கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தபோது, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாள் அவர் தனக்குத்தான் கண்ணடிக்கிறார் என்று முடிவுகட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். அன்றோடு அந்த வைத்தியமும் நின்றது.

பிறகு ஒரு மழை நாளில் அவர் பேருந்தை அளவெடுத்தது போல நிறுத்தத்தின் முன்னால் நிறுத்தினார். நிறுத்தம் அங்கே இல்லை. நிஜமான நிறுத்தம் பத்தடி தள்ளி இருந்தது. முதலில் இறங்கிய பள்ளிக்கூடத்து ஆசிரியை முழங்கால்வரை சாக்கடையில் நின்றபடியே புகார் எழுதினார். கையெழுத்து அழகாக இருந்ததாக டிப்போவில் பேசிக்கொண்டார்கள்.

டிப்போ மேனேஜர் டிரைவரைக் கூப்பிட்டார்.

"நம்ம டிப்போவோட கொள்கை என்ன? பயணி பாதுகாப்பு. அதனால நீ நேரா குடும்பக் கண் ஆஸ்பத்திரிக்குப் போ. ரெண்டு கண்ணும் சேர்ந்து ஒண்ணாப் பார்க்குதுன்னு எழுதி வாங்கிட்டு வா. வாங்கலேன்னா அடுத்த மாசத்துல இருந்து உனக்கு வண்டி கழுவற வேலை."

"அங்க நல்லாப் பார்ப்பாங்களா சார்?"

"பார்க்கறது கிடக்கட்டும்யா. அந்த ஆஸ்பத்திரி முத்திரைதான் இங்க செல்லும். நல்லா அழுத்தமா விழும்."

குடும்பக் கண் ஆஸ்பத்திரியின் வாசலில் 'உங்கள் குடும்பம் எங்கள் குடும்பம்' என்று எழுதியிருந்தது. அது எப்படிப்பட்ட குடும்பம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததெல்லாம் நான் கட்டிவிட்ட கதை என்பீர்கள்.

ஆஸ்பத்திரியைத் தொடங்கிய பெரியவர் உயில் எழுதாமல் போய்ச்சேர்ந்தார். இரண்டு மகன்கள், இரண்டு பேரும் கண் டாக்டர்கள், இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்தார்கள். நாற்காலிகளைப் பிரித்தார்கள். மீன்தொட்டியில் தண்ணீர் அண்ணனுக்கு, மீன்கள் தம்பிக்கு என்று முடிவாயிற்று. மீன்கள் அன்று மாலையே செத்துப்போயின. கண் பரிசோதனைக்கு எழுத்துகள் எழுதிய பலகையைக் குறுக்கே ரம்பம் வைத்து அறுத்தார்கள். மேலே இருந்த பெரிய எழுத்துகள் அண்ணனுக்கும் கீழே இருந்த பொடி எழுத்துகள் தம்பிக்கும் போயின. கடைசியில் மிஞ்சியது நோயாளிகள்.

நோயாளிகளை எப்படிப் பிரிப்பது? ஆண்கள் ஒருவருக்கு, பெண்கள் ஒருவருக்கு என்று பார்த்தார்கள். உயரமானவர்கள், குள்ளமானவர்கள் என்று பார்த்தார்கள். எதற்கும் இரண்டு பேரும் மசியவில்லை. நடுவராக வந்திருந்த உறவுக்காரருக்கோ சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. "ஆளுக்கு ரெண்டு கண்ணு இருக்கில்ல? ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கோங்கடா!" என்று கத்திவிட்டு எழுந்து சாப்பிடப் போய்விட்டார். அவர் கோபத்தில் சொன்னாரா நிஜமாகவே சொன்னாரா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. பத்திரம் பதிவாகிவிட்டது. இப்போது இருக்கிற, இனிமேல் பிறக்கப்போகிற வலது கண்கள் அனைத்தும் அண்ணனுக்கு. இடது கண்கள் தம்பிக்கு. மூக்கு, கண்ணாடி உட்காருகிற இடம் என்பதால், அம்மாவின் ஜீவனாம்சத்துக்கு. கல்யாணமாகிப் போன மகள் தனக்கு ஒன்றுமே இல்லையா என்று வந்து அழுதாள். அழுகையைப் பார்த்து மனமிரங்கிக் கண்ணீரை அவளுக்கு எழுதிவைத்தார்கள்.

இதெல்லாம் தெரியாத டிரைவர் உள்ளே நுழைந்தார். கூடத்தின் நடுவே தரையில் மஞ்சள் கோடு ஒன்று ஓடியது. அது எதிர்ப்பட்ட பெஞ்சின் மேலும் ஏறி, இறங்கி, சுவர்வரை போயிற்று. கோட்டின் மேலேயே மேசை போட்டு, சுழல் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டு மகன்களுக்கும் சமமாக முகம் காட்ட வேண்டும் என்பதற்காக அவள் கொஞ்ச நேரம் இந்தப் பக்கமும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டே இருந்தாள்.

"என்னப்பா தொந்தரவு?"

"எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதும்மா."

"எந்தக் கண்ணுல? பெரியவன் கண்ணா, சின்னவன் கண்ணா?"

டிரைவர் திருதிருவென்று விழித்தார். "என் கண்ணும்மா."

"எல்லாரும் முதல்ல அப்படித்தாம்ப்பா சொல்றாங்க," என்று அம்மா பரிவோடு சொல்லிவிட்டு, பெரியவன் பக்கம் கையைக் காட்டினாள்.

பெரிய டாக்டரின் அறை வாசலிலேயே ஒரு பணியாள் டிரைவரின் இடது கண்ணின் மேல் கறுப்பு மூடி ஒன்றை வைத்து இறுக்கிக் கட்டினான். தம்பி சொத்து இந்த வாசலைத் தாண்டக்கூடாதாம். உள்ளே பெரிய டாக்டர் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். எதிரே அறுத்த பலகையின் மேல்பாதி தொங்கியது. அதில் பானை அளவுக்கு நாலைந்து எழுத்துகள்.

"படிங்க."

டிரைவர் படித்தார். அதைப் படிக்கத் தெருமுனையில் நின்றாலே போதும்.

"பிரமாதம்! இதுவரைக்கும் என்கிட்ட வந்த வலது கண்ணுல ஒண்ணுகூடத் தோத்ததில்லை," என்றார் பெரிய டாக்டர். பிறகு ஒரு விரலை நீட்டினார். "எத்தனை?"

"ஒண்ணு."

"அப்புறம் என்ன ரெண்டுங்கறீங்க? கோளாறு அந்தப் பக்கம். அவன் படிக்கற காலத்துலயே அப்படித்தான்."

"அப்போ அந்தக் கண்ணையும் நீங்களே ஒரு பார்வை பார்த்துட்டீங்கன்னா..."

பெரிய டாக்டரின் முகம் சிவந்தது. "நான் மானமுள்ளவன். தம்பி சொத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டேன். போன வருஷம் தச்சர் ஒருத்தர் வந்தார். இடது கண்ணுல ஆணி ஏறி நிக்குது. ரத்தம் சொட்டுது. யாரா இருந்தாலும் கை பரபரக்கும். நான் அசையலையே! வலது கண் அருமைன்னு எழுதிக் குடுத்து, முதுகுல தட்டி அனுப்பிவச்சேன். இதைத்தான் நேர்மைன்னு சொல்றது. இந்தக் காலத்துல எங்க இருக்கு அது?"

'வலது கண் அருமை' என்று எழுதி டிரைவருக்கும் கொடுத்தார். காகிதம் நீளவாக்கில் பாதியாகக் கிழித்ததாக இருந்தது.

சின்ன டாக்டரின் பக்கம் வேறு உலகம். மூடியை வலது கண்ணுக்கு மாற்றிக்கட்டி உள்ளே அனுப்பினார்கள். உள்ளே மெல்லிய இசை. நல்ல வாசனை. டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் பணிப்பெண்கள் மூன்று பேர் கை தட்டினார்கள். "இந்த நாற்காலியில உட்கார்ந்தப்போ உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"உட்கார்ந்த மாதிரி இருந்தது," என்றார் டிரைவர். அவள் அதை எழுதிக்கொண்டாள்.

சின்ன டாக்டர் சிரித்த முகத்தோடு வந்தார். "அண்ணன் பக்கம் வைத்தியம் பார்ப்பாங்க. அது பழைய காலம். நாங்க இங்க அனுபவம் குடுக்கறோம். குணமாச்சா இல்லையாங்கறது ஒரு சின்ன விஷயம். குணமாகாமப் போனாலும், ஆஹா எவ்வளவு இதமாக் குணமாகாமப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டே வெளியே போகணும். போன வாரம் ஒரு பெரியவருக்கு இடது கண் பார்வை போச்சு. போகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'இந்த வாசனைக்காகவே திரும்ப வருவேன்'னாரு. எனக்கே கண் கலங்கிடுச்சு. ஆனா துடைச்சுக்கலை, அது அக்கா பங்கு."

எதிரே பலகையின் கீழ்ப்பாதி. அதிலிருந்த எழுத்துகளை எறும்புகூடக் குனிந்துதான் படிக்க வேண்டும். டிரைவரோ தூரத்து வண்டியின் பதிவெண்ணைப் படித்துப் பழகியவர். கடகடவென்று ஒப்பித்து, அடியிலிருந்த அச்சகத்தின் விலாசத்தையும் சேர்த்துப் படித்து முடித்தார். அறை முழுக்க மறுபடி கைதட்டல். விரலை நீட்டியபோது ஒன்று என்றார். 'இடது கண் அற்புதம்' என்று எழுதிய இன்னொரு பாதிக் காகிதம் கிடைத்தது.

டிரைவர் இரண்டு பாதிகளையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து மூடியைக் கழற்றினார். மஞ்சள் கோடு இரண்டாகத் தெரிந்தது.

"அம்மா, டிப்போவில ரெண்டு கண்ணும் சேர்ந்து ஒண்ணாப் பார்க்குதுன்னு எழுதிக் கேக்கறாங்க. ரெண்டையும் சேர்த்து யாரு பார்ப்பாங்க?"

பெஞ்சில் இருந்த ஒரு பெண் தன் மகளின் காதைப் பொத்தினாள்.

"சேர்த்தா?" என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி. "அதெல்லாம் எங்க வீட்டுக்காரரோட போச்சுப்பா. இனிமே அப்படிக் கேக்காதே. சின்னவன் காதுல விழுந்தா மனசு உடைஞ்சுபோவான், பெரியவன் காதுல விழுந்தா பலகையை உடைப்பான்." பிறகு, பழக்கத்தில், ஒரு நோட்டை எடுத்தாள். "உங்க அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் குடுப்பீங்க?"

"ஒண்ணு," என்றார் டிரைவர் வெறுப்போடு.

"பாவம், இவருக்கு ஒண்ணு ரெண்டாத் தெரியும் இல்லே?" என்று சொல்லிக்கொண்டே அம்மா இரண்டு என்று எழுதினாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வண்டி கழுவுகிற இடத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை என்றார். தெரிகிற இரண்டு சாலைகளில் ஒருநாள் தப்பானதில் வண்டியை விட்டு யாரையாவது கொன்றுவிடுவோமோ என்று தூக்கமே வருவதில்லை என்றும் சொன்னார்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறவள். மணி உடைந்துபோன நாள்களில் அவள் குரலை வைத்தே பள்ளிக்கூடம் நடந்திருக்கிறது. "ஒரு மூஞ்சிக்கு ரெண்டு ஆஸ்பத்திரியா? நாளைக்கு நானும் வரேன்," என்றாள்.

மறுநாள் அவள் செய்தது இவ்வளவுதான். கூடத்தில் இருந்த நாற்காலி ஒன்றை இழுத்து மஞ்சள் கோட்டின் மேல் போட்டாள். கணவரை அதில் உட்காரவைத்து, தலையை இரண்டு கையாலும் பிடித்து, மூக்கு நுனி கோட்டுக்கு நேராக வரும்படி திருப்பினாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"இந்தாங்க! வலது கண்ணு அண்ணன் எல்லையில இருக்கு. இடது கண்ணு தம்பி எல்லையில இருக்கு. யாரும் யார் வாசலையும் தாண்ட வேண்டாம். அவங்கவங்க பக்கத்துல நின்னு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பாருங்க. பார்க்கிற வரைக்கும் நான் வாயை மூட மாட்டேன்!"

மூடவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அறைகளின் கதவுகள் திறந்தன. ஒரு பக்கம் பெரிய டாக்டர் டார்ச்சோடு வந்தார். மறுபக்கம் சின்ன டாக்டர் டார்ச்சோடு வந்தார். இருவரும் அம்மாவைப் பார்த்தார்கள். மூக்கு அவளுடையதாயிற்றே. அம்மா நடுங்கும் குரலில், "பாருங்கடா ராசா," என்று அனுமதி கொடுத்தாள்.

இரண்டு பேரும் குனிந்தார்கள். இத்தனை வருடங்களில் முதல்முறையாக அண்ணன் மூச்சு தம்பி மேலும் தம்பி மூச்சு அண்ணன் மேலும் பட்டது. நடுவில் டிரைவரின் மூக்கு வியர்த்தது. இரண்டு டார்ச்சும் எரிந்தன. கூடமே எட்டிப் பார்த்தது.

"டேய்," என்றார் பெரிய டாக்டர்.

"பேசிட்டான்! பெரியவன் சின்னவனோட பேசிட்டான்!" என்று அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தம்பி பக்கத்துப் பணிப்பெண்கள் கை தட்டினார்கள்.

"டேய், உன் கண்ணு என் பக்கம் பார்க்குதுடா!"

நிஜம்தான். டிரைவரின் இடது கண் நேராகப் பார்க்காமல் மூக்குப் பக்கம் கொஞ்சம் திரும்பியிருந்தது. தனித்தனியாகப் பார்த்தபோது தெரியவில்லை. சேர்த்துப் பார்த்ததும் பளிச்சென்று தெரிந்தது. வேறு எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும், கதை இந்த இடத்தில் முடிந்து டிரைவர் வேலைக்குப் போயிருப்பார்.

"நோய் என்னன்னு தெரிஞ்சுபோச்சா டாக்டர்?" என்று அவர் ஆசையோடு கேட்டார்.

"நோயா? இது ஆக்கிரமிப்பு!" என்று பெரிய டாக்டர் கர்ஜித்தார். "எத்தனை நாளா என் எல்லைக்குள்ள எட்டிப் பார்த்துக்கிட்டிருக்கான் இவன்! அளவு நாடாவை எடுத்துட்டு வாங்கடா!"

"என் கண்ணு பாட்டுக்கு ஒழுங்காத்தான் இருந்தது," என்று சின்ன டாக்டரும் குரலை உயர்த்தினார். "நீதான் ஆசை காட்டி இழுத்திருக்கே. சின்ன வயசுல என் பம்பரத்தை இழுத்துக்கிட்ட மாதிரி!"

"சண்டை இருக்கட்டும். இதைச் சரிபண்ண முடியுமா, முடியாதா?" என்றாள் டிரைவர் மனைவி.

"ஒரு பக்கம் கனமான கண்ணாடி போட்டா சரியாயிடும். பச்சைக் குழந்தைக்கும் தெரியும்," என்று அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் சொன்னார்கள். சொல்லிவிட்டு, ஒரே குரலில் சொன்னதற்காக ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள்.

"அப்போ போடுங்களேன்!"

"போட்டா என் கண்ணு பின்வாங்கின மாதிரி ஆயிடும்," என்றார் தம்பி.

"போட்டா நடந்த அத்துமீறலுக்கு சாட்சி இல்லாமப் போயிடும்," என்றார் அண்ணன்.

வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. டிரைவரையும் வரச்சொன்னார்கள். கண்ணைத் தனியாக அனுப்ப முடியாது என்பதால்தான். நீதிபதி கண்ணைக் கூர்ந்து பார்த்தார். கோர்ட் ஊழியர் ஒருவர் மூக்கிலிருந்து கருவிழிவரை அளந்து சொன்னார். இரண்டு தரப்பு வக்கீல்களும் அந்த அளவு தப்பு என்றார்கள்.

"கண் மிகவும் மென்மையான சொத்து," என்று நீதிபதி நிதானமாகச் சொன்னார். "அதனால் இதில் அவசரப்பட முடியாது. ஒரு தலைமுறைக்குள் முடித்துவிடப் பார்க்கிறேன். அதுவரைக்கும் எல்லாம் இப்போது என்ன நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் நீடிக்க வேண்டும். யாரும் கை வைக்கக் கூடாது."

டிரைவர் கையைத் தூக்கினார். "ஐயா, தூங்கும்போது என்ன பண்றது?"

நீதிபதி சட்டப்புத்தகம் ஒன்றைப் புரட்டினார். "மூடிக்கொள்ளலாம். திறக்கும்போது பழைய இடத்தில் இருக்க வேண்டும்."

வெளியே வந்ததும் டிரைவர், தம்பி தரப்பு வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, நான் வேற எங்கயாவது போய் வைத்தியம் பார்த்துக்கறேனே. என் கண்ணுதானே?"

வக்கீல் அவரை அனுதாபத்தோடு பார்த்தார். "உங்க கண்ணுன்னு யாருங்க சொன்னா? வழக்கே அதுதானே! நீங்க இதுல ஒரு தரப்பே கிடையாது. நீங்க சொத்து இருக்கிற இடம்."

மாதம் பிறந்தது. டிரைவர் கோர்ட் உத்தரவை எடுத்துக்கொண்டு, குழாயைப் பிடிக்கத் தயாராக டிப்போவுக்குப் போனார். மேனேஜர் உத்தரவைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். அவர் நெற்றி வியர்த்தது.

"எல்லாம் இப்போ என்ன நிலையில இருக்கோ அதே நிலையில நீடிக்கணும்னு போட்டிருக்கே. உத்தரவு வந்த அன்னிக்கு நீ என்னவா இருந்தே?"

"டிரைவரா இருந்தேன் சார்."

"அப்போ டிரைவராத்தான் நீடிக்கணும். உன்னை வண்டி கழுவவிட்டா நாளைக்கு என்னை உள்ளே தூக்கி வச்சுடுவாங்க." சாவியை எடுத்து நீட்டினார். "போ. பழைய வழித்தடம்தான்."

"சார், எனக்கு இன்னும் ரெண்டா..."

"அது மாறிச்சுன்னாதான்யா குற்றம்!"

ஆசைப்பட்ட சாவி கையில் இருந்தது. டிரைவர் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தொட்டதும் உடம்பு சிலிர்த்தது. அழுகைகூட வந்தது. இத்தனை நாள் ஏங்கியது இதற்குத்தானே! வண்டி நிறைய ஜனம். கண்டக்டர் விசில் கொடுத்தான். டிரைவர் நிமிர்ந்து முன்னால் பார்த்தார். டிப்போவுக்கு இரண்டு வாசல் இருந்தது. இரண்டு வாசலையும் ஒட்டி ஒரு பெண் கைக்குழந்தையோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். அவள் நிஜமாக எந்த வாசலில் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

இன்ஜினை நிறுத்திவிட்டு எழுந்து திரும்பினார்.

"எல்லாரும் மன்னிக்கணும். எனக்கு ரோடு ரெண்டாத் தெரியுது. தயவுசெஞ்சு இறங்கிடுங்க."

ஒருவரும் இறங்கவில்லை. ஜன்னலோரம் கஷ்டப்பட்டு இடம் பிடித்தவர்கள்.

"இந்த ஊர்ல ஒரு ரோடே உருப்படியா இல்லை, இவருக்கு ரெண்டு ரோடு தெரியுதாம். கொடுத்துவச்சவர்!" என்றார் குடை வைத்திருந்த ஒருவர்.

"ரெண்டுல எதுல குழி கம்மியோ அதுல விடுங்க டிரைவர்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அண்ணே, டிக்கெட் எல்லாம் கிழிச்சாச்சு," என்று கண்டக்டர் கெஞ்சினான்.

டிரைவர் இறங்கிவிட்டார். மேனேஜர் தலைதெறிக்க ஓடிவந்தார். "என்னய்யா பண்றே? நீ இறங்கினா நிலை மாறிடும்! கோர்ட் அவமதிப்பு!"

"பயமா இருக்கு சார்," என்றார் டிரைவர். குரல் உடைந்தது. "ஜெயிலுக்கு இல்லை. அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆயிருந்தா? நான் வண்டியே ஓட்டாம செத்துப்போறேன், போங்க." சாவியை மேனேஜரின் கையில் வைத்தார். கை அங்கே இல்லை. சாவி தரையில் விழுந்தது. மேனேஜர் அதை எடுக்கலாமா கூடாதா என்று உத்தரவில் தேட ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலமே மனைவி அவரைப் பக்கத்து ஊருக்கு அழைத்துக்கொண்டு போனாள். பேருந்தில், பயணியாக, கடைசி சீட்டில். "கோர்ட்டு?" என்று அவர் பயந்தபோது, "கோர்ட்டு வந்து கேட்டா நான் பேசிக்கறேன்," என்றாள். கோர்ட்டை நினைத்து அவருக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

சைக்கிள் கடைக்கு மேலே, மாடியில் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரி. ஒரே அறை. தரையில் கோடு கிடையாது, வாசனையும் கிடையாது. வயதான டாக்டரம்மா ஒருவர் மட்டும் இருந்தார். டிரைவரை உட்காரவைத்து, விளக்கைத் திருப்பிவிட்டு, "நேரா என்னைப் பாருங்க," என்றார்.

டிரைவரின் கை தானாகவே எழுந்து இடது கண்ணைப் பொத்தியது. "முதல்ல எந்தக் கண்ணு டாக்டர்?"

"எதையும் மூட வேண்டாம். ரெண்டையும் திறங்க."

"ரெண்டையுமா? ஒரே நேரத்துலயா?" அவர் கதவைப் பார்த்தார். "இங்க யாரும் சண்டைக்கு வர மாட்டாங்களே?"

"கண்ணைத் திறக்க என்ன கேடு உங்களுக்கு? திறங்க!" என்றாள் மனைவி.

அவர் கையை எடுத்தார். எதிரே இரண்டு டாக்டரம்மாக்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவும் தங்கையுமா? இங்கேயும் பாகம் பிரித்துவிட்டார்களா? நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்தார்கள். வலது கண்ணைப் பார்த்தார்கள், இடது கண்ணையும் பார்த்தார்கள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து, ஒரே மாதிரி தலையை ஆட்டினார்கள்.

"இடது கண்ணு கொஞ்சம் உள்பக்கமாத் திரும்பியிருக்கு, அவ்வளவுதான். கண்ணாடி எழுதித் தரேன், சேர்ந்துடும். பழையபடி வண்டி ஓட்டலாம்."

ஒரே வார்த்தை, ஒரே குரல். முறைப்பு இல்லை. டிரைவருக்குக் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. மனைவியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, விம்மலுக்கு நடுவே சொன்னார்:

"பார்த்தியா, இவங்க ரெண்டு பேரும் எவ்வளவு ஒத்துமையா இருக்காங்க!"